விதை மூட்டையின் கறுப்புக் கோடுகள்

அச்சுப்பொறி மறுபடியும் ஒரு தாளை வெளியே தள்ளிற்று. திரௌபதி அதை எடுத்துப் பார்த்தாள். கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இம்முறையும் ஒரு நட்சத்திரக் குறி, அதன்பின் சில எழுத்துகளும் எண்களும், இறுதியில் இன்னொரு நட்சத்திரக் குறி. அவ்வளவே. நேற்று மாலை அவளுடைய கணினித் திரையில் மெலிந்தும் தடித்தும் அணிவகுத்து நின்ற கறுப்புக் கோடுகளில் ஒன்றுகூடத் தாளில் இறங்கவில்லை.

"இன்னா பாப்பா, கோலத்துக்குப் புள்ளி வெச்சிக்கினே இருக்குது உன் மிஷினு. கோடு எப்போ இழுக்கும்?" என்றான் வாசற்படியில் சாய்ந்து நின்ற சின்னசாமி.

அவன் அவளுடைய அண்ணன். கீழ்பென்னாத்தூரை ஒட்டிய கிராமத்தில், மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்லும் நிலக்கடலையைப் பயிரிடுபவன். விடிந்தும் விடியாத பொழுதிலேயே மனைவி வள்ளியோடு வேங்கிக்காலில் திரௌபதி கணினி வேலை பார்க்கும் இந்த விதை நிறுவனத்துக்கு வந்துவிட்டான். அவனுடைய மூட்டைகள் அலுவலகத்தின் பின்புறக் கிடங்கில் அடுக்கப்பட்டிருந்தன. இன்று அவை லாரி ஏற வேண்டும்.

"இருண்ணா. காலையிலியே வாயைக் கெளறாதே" என்றாள் திரௌபதி.

"நான் கெளறலை. உங்க அண்ணிதான் கேக்கறா, மல்லாட்டை விதைக்குப் போவுதா, செக்குக்குப் போவுதான்னு."

வள்ளி கிடங்கிலிருந்தே குரல் கொடுத்தாள். "நான் ஒண்ணும் கேக்கலை. இவரே கேட்டுட்டு என் தலையில கட்டறாரு."

வேடிக்கைப் பேச்சாக இருப்பினும் அதனுள் முள் இருந்தது. சின்னசாமியின் நிலக்கடலை இதுகாறும் எண்ணெய் ஆலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. "விதைக்கு விடுண்ணா, எங்க கம்பெனியே எடுத்துக்கும்" என்று அவனை வற்புறுத்தி இந்தப் பட்டத்தில் மாற்றியவள் திரௌபதி. விதைக்கென்று விளைவிப்பது எளிதன்று. வேற்று இனச் செடி ஒன்றுகூட நிலத்தில் நிற்கலாகாது. அதைக் கலவன் என்பார்கள். வள்ளி வெயிலென்றும் பாராமல் சால் சாலாக நடந்து, இலையின் நிறத்தையும் பூவின் பருவத்தையும் பார்த்துப் பார்த்துக் கலவனைப் பிடுங்கி எறிந்தாள். ஊரார் சிரித்தார்கள். நன்றாக இருக்கும் செடியைப் பிடுங்குகிறாளே என்றார்கள். அந்தச் சிரிப்புக்கெல்லாம் விடை இன்றைக்குப் போகும் லாரியில்தான் இருந்தது.

தருமபுரிப் பக்கம் பல கடைகளை நடத்தும் ஒரு நிறுவனம் விதையை வாங்கிக்கொள்ள இசைந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு மூட்டையிலும் பார்கோடு ஒட்டப்பட்டிருக்க வேண்டும், அதை அவர்களுடைய ஸ்கேனர் படிக்க வேண்டும். அங்கே மழை பெய்து நிலம் பதமாகிவிட்டது. நாளைக் காலையில் கடையில் விதை இல்லையென்றால், ஆந்திரத்திலிருந்து வரும் விதையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். இன்றோ ஆனிப் பௌர்ணமி. பொழுது சாயத் தொடங்கினால் மலையைச் சுற்றும் கூட்டம் சாலையை நிறைத்துவிடும். காவலர்கள் தடுப்பு வைத்துவிடுவார்கள். அதற்குள் லாரி ரமணாசிரமத்தைத் தாண்டிச் செங்கம் சாலையில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் வள்ளி கலவன் பிடுங்கிக் காப்பாற்றிய விதை, முளைக்க வேண்டிய விதை, எண்ணெயாகவும் பிண்ணாக்காகவும் பிரிந்துபோகும்.

திரௌபதி தாளைக் கசக்கி எறிந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள். உட்கார்ந்தால் மனம் ஓடவில்லை. நின்றால் கால் நிலைக்கவில்லை.

பார்கோடு என்பது அவள் பயன்படுத்திய முறையில் ஒரு படமன்று, ஓர் எழுத்துரு. எழுத்தையும் எண்ணையும் தட்டச்சு செய்தால் அந்த எழுத்துரு அவற்றைக் கோடுகளாக வரைந்து காட்டும். முன்னும் பின்னும் இடும் நட்சத்திரக் குறிகள், கோடு இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று ஸ்கேனருக்கு உணர்த்துபவை. நேற்று எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆயின் நேற்றுப் பார்த்தது அவளுடைய மேசைக் கணினியில். இன்று அச்சிடுவது உள்ளறையில் இருக்கும் யூனிக்ஸ் சர்வர். நிறுவனத்தின் கணக்குகளும் இருப்பு விவரங்களும் அதில்தான் வாழ்ந்தன. அறிக்கைகளைத் தயாரிக்கும் மென்பொருளும் அதில்தான் ஓடிற்று.

அந்த எண்ணம் வந்ததும் அவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். எழுத்துருவைத் தன் கணினியில் மட்டும் நிறுவியிருந்தாள். சர்வருக்கு அதைக் கொடுக்கவே இல்லை. தன் வீட்டு அடுப்பில் உப்பைப் போட்டுவிட்டு, பந்தியில் பரிமாறிய குழம்பு ஏன் சப்பென்று இருக்கிறது என்று கேட்டவளின் கதையாக அல்லவா ஆயிற்று!

"அண்ணா, கண்டுபுடிச்சிட்டேன்."

"இன்னாத்த?"

"அதுக்குக் கோடு போடத் தெரியாது. நான் கத்துக்குடுக்கலை."

"அப்போ அதையும் பள்ளிக்கூடத்துல சேத்துட்டு வர்றியா? லாரி வந்துடும் பாப்பா."

அவள் சர்வர் அறைக்குள் புகுந்தாள். குளிர்சாதனக் காற்றில் அந்த அறை எப்பொழுதும் மார்கழியாகவே இருக்கும். சர்வரின் நெற்றியில் ஆயுத பூசையன்று வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கறுப்புத் திரையில் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். எழுத்துருக் கோப்பைத் தன் கணினியிலிருந்து சர்வருக்கு அனுப்பினாள். எழுத்துருக்கள் இருக்கும் அடைவில் அதை வைத்து, மற்றவர்களும் படிக்குமாறு அதற்கு அனுமதி அளித்தாள். அறிக்கை மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திறந்து, புதிய எழுத்துரு எங்கே இருக்கிறது என்பதை ஒரு வரியில் எழுதினாள். அச்சுக்குப் போகும் கோப்பிலேயே எழுத்துருவும் உடன் செல்ல வேண்டும் என்று இன்னொரு வரியையும் சேர்த்தாள். பிறகு மென்பொருளை நிறுத்தி, மீண்டும் தொடங்கக் கட்டளையிட்டாள்.

அது சாவகாசமாகத் தொடங்கிற்று. கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். திரும்பினால் சின்னசாமி. கதவுக்கு அப்பால் கையை விரித்து 'இன்னா ஆச்சு' என்று சைகை காட்டினான். அவள் 'இரு' என்று சைகை காட்டினாள். அவன் போனான்; சிறிது நேரத்தில் திரும்பி வந்தான்; மறுபடியும் தட்டினான். அவள் பார்க்கவில்லை.

மென்பொருள் எழுந்துவிட்டதாகத் திரை சொன்னது. அவள் ஒரே ஒரு லேபிளை மட்டும் அச்சுக்கு அனுப்பிவிட்டு வெளியே ஓடினாள்.

தாள் வந்தது. கோடுகள் வந்தன. மெலிந்தவை, தடித்தவை, இடைவெளிகள், எல்லாமே கன்னங்கரேலென்று தாளில் நின்றன. திரௌபதி தன் கைபேசியை அதன்மேல் காட்டினாள். எண் திரையில் வந்தது. அவள் அதைச் சின்னசாமியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பார்த்துக்கோ. உன் மூட்டை நம்பர்."

"நம்பர் சரி. மல்லாட்டை எத்தனை பருப்புன்னு சொல்லுதா?"

"போண்ணா."

அவ்வேளையில்தான் நிறுவனத்தின் உரிமையாளர் ரேணுகாம்பாள் உள்ளே வந்தார். நெடுநெடுவென்ற உயரம், வெளிர்நிறப் புடவை, நெற்றியில் திருநீறு மட்டும். கணவர் மறைந்த பிறகு நிறுவனத்தைத் தனியொருவராக நடத்தி வருபவர். ஊழியர் அனைவருக்கும் அவர் 'அம்மா'.

அவர் தாளைக் கையில் வாங்கினார். முகம் சுருங்கிற்று.

"இது இன்னாம்மா, நாலு பக்கமும் கறுப்புக் கட்டம், நடுவுல கறுப்புக் கோடு. கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்குது."

"பார்கோடு இப்டிதாம்மா இருக்கும்."

"மொத லோடும்மா. நம்ம ஜில்லாவைத் தாண்டிப் போற மொத விதை. அதும்மேல இதையா ஒட்டி அனுப்புவாங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. தாளை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அந்தக் கவிழ்ப்பைத் திரௌபதி அறிவாள். கணவரின் கருமாதிப் பத்திரிகை அச்சாகி வந்த நாளில், கறுப்புக் கட்டம் போட்ட அந்தத் தாள்களையும் ரேணுகாம்பாள் இதே மேசையில் இப்படித்தான் கவிழ்த்து வைத்தார். அன்று முதல் புதிதாக எந்த வியாபாரம் தொடங்கினாலும், அதற்காக வெளியே போகும் முதல் தாள் இந்த நிறுவனத்திலிருந்து கறுப்பில் போவதில்லை. யாரும் அதை விதியாக எழுதி வைக்கவில்லை. எல்லாரும் அதன்படி நடந்தார்கள்.

திரௌபதி ஒரு கணம் தயங்கினாள். பிறகு, இதுவும் ஒரு பெரிய காரியமா என்று தோன்றிற்று. அச்சுப்பொறியோ வண்ண அச்சுப்பொறி. அறிக்கையில் கோட்டின் நிறத்தை மாற்றுவது ஒரு சொடுக்கில் முடியும் வேலை.

"செவப்புல போட்டுடறேம்மா. குங்கும நெறத்துல."

ரேணுகாம்பாளின் முகம் தெளிந்தது. "அப்டிச் செய். லட்சணமா இருக்கும்."

சிவப்பில் வந்த லேபிள் உண்மையிலேயே இலட்சணமாகத்தான் இருந்தது. திரௌபதி எச்சரிக்கை மிக்கவள். கைபேசியைக் காட்டி மறுபடியும் சோதித்தாள். அது தட்டாமல் படித்தது. சின்னசாமியும் தன் கைபேசியில் பார்த்தான், அதுவும் படித்தது. அதன்பின் அவள் எல்லா மூட்டைகளுக்கும் லேபிள்களை அச்சிட்டாள். அண்ணனும் அண்ணியும் கிடங்கில் ஒட்டத் தொடங்கினார்கள். கறுப்பில் வந்த முதல் தாள் மேசைமேல் கவிழ்ந்தே கிடந்தது. வள்ளி அதைக் கூம்பாகச் சுருட்டி எடுத்துப் போனாள். சோதனைக்காகப் பிரித்து வைத்திருந்த மூட்டையில் சூம்பிய காய் ஏதேனும் கண்ணில் பட்டால் பொறுக்கிப் போட அது அவளுக்கு உதவிற்று. காய் விதையாகி, விதை மூட்டையாகி, மூட்டைக்கு வாயும் தைத்தாகிவிட்டது. அப்பொழுதும் அவளுடைய கை கலவன் தேடுவதை நிறுத்தவில்லை.

லாரி வந்தபோது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. அதிலிருந்து இறங்கியவர் ராஜமாணிக்கம், தருமபுரி நிறுவனத்தின் சரக்கைச் சரிபார்த்து எடுப்பவர். சட்டைப்பையில் நான்கு பேனா. கையில் துப்பாக்கி போன்ற ஒரு ஸ்கேனர்.

"ஊருக்குள்ள மலை சுத்தறவங்க இப்பவே நடக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்றார். "தடுப்புக் கட்டையெல்லாம் ரோட்டோரமா கொண்டாந்து வெச்சிருக்காங்க. நம்ம வேலையைச் சட்டுனு முடிச்சுக்கலாங்க."

கிடங்கின் நிழலில் முதல் மூட்டையின்மேல் ஸ்கேனரை நீட்டி விசையை அழுத்தினார். சிவந்த ஒளி லேபிளின்மேல் விழுந்தது. ஒலி எழவில்லை. ஒரு சாண் விலகி நின்று அழுத்தினார். நெருங்கி வந்து அழுத்தினார். தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"ஒத்துக்கலைங்க."

"இன்னொரு மூட்டையைப் பாருங்க சார்" என்றாள் திரௌபதி.

பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். ஸ்கேனர் ஊமையாகவே இருந்தது.

"உங்க மிஷின்ல சார்ஜு இருக்குதா சார்?" என்றான் சின்னசாமி.

ராஜமாணிக்கம் பைக்குள் கையை விட்டு ஒரு மாத்திரைப் பெட்டியை எடுத்தார். அதில் இருந்த பார்கோட்டின்மேல் அழுத்தினார். 'பீப்' என்றது. "இருக்குதுங்க" என்றார்.

"என் செல்லுல படிக்குது சார். இதோ பாருங்க" என்று திரௌபதி கைபேசியைக் காட்டினாள்.

"உங்க செல்லுல படிச்சா, உங்க செல்லைக் கொண்டுபோய் எங்க கடையில உக்கார வெச்சு வித்துக்கவா? எங்க எல்லாக் கடையிலயும் இருக்கறது இந்த மிஷின்தானுங்க. இது படிச்சாத்தான் நான் ஏத்த முடியும்."

காலையில் எழுத்துருவில்தான் பிழை இருந்தது. எனவே இப்போதும் எழுத்துருவில்தான் இருக்க வேண்டும் என்று திரௌபதியின் மனம் பிடிவாதமாகச் சொல்லிற்று. ஒருமுறை பாம்பைக் கண்ட வழியில் அப்புறம் கண்ணில் படுவதெல்லாம் பாம்புதானே. சர்வர் அறைக்கு ஓடினாள். கோப்பு அடைவில் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. அனுமதி சரியா என்று பார்த்தாள்; சரியாக இருந்தது. அமைப்புக் கோப்பின் வரியை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிழை இல்லை. பிழை இல்லாமலிருப்பதே அவளுக்கு அச்சத்தைத் தந்தது. கோடுகள் சிறியனவாக இருக்கலாம் என்று அளவைப் பெரிதாக்கினாள். மென்பொருளை நிறுத்தித் தொடங்கினாள். அது எழும்வரை அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். வெளியே சாலையில் கிரிவலத்துக்கு வருபவர்களை ஏற்றிய பேருந்துகள் ஒலிப்பானை அலறவிட்டுக்கொண்டு போவது கேட்டது. ஒவ்வோர் அலறலும் அவளுடைய முதுகில் விழுந்தது.

பெரிதாக்கிய லேபிளோடு கிடங்குக்கு ஓடி வந்தாள். ராஜமாணிக்கம் அழுத்தினார். ஒலி இல்லை.

"பெருசாக் கத்தினாலும் செவிடன் செவிடன்தானுங்களே" என்றார் அவர். பிறகு தம் பேச்சுக்குத் தாமே வருந்தியவரைப்போல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேங்க. அதுக்கு மேல டிரைவர் நிக்கமாட்டான்."

சின்னசாமி கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டிருந்தான். அது அவளுக்குக் கிண்டலைவிடக் கொடியதாக இருந்தது. மூட்டையின்மேல் கையை வைத்தபடி நின்றவன், மெல்ல மற்றொரு கையால் கைபேசியை எடுத்தான்.

"யாருக்குண்ணா?"

"ஆலைக்காரருக்குத்தான். இருக்குதுன்னு இப்பவே சொல்லி வெச்சா, நாளைக்கு வண்டி அனுப்புவாரு."

"போனை உள்ள வைங்க" என்றாள் வள்ளி. "அவ நின்னுக்கினு இருக்கறா இல்ல."

"நிக்கறா. நான் இன்னா சொன்னேன்? அவளை ஒண்ணும் சொல்லலையே."

சொல்லாததுதான் உறைத்தது. திரௌபதி மூட்டையின் அருகே குந்தினாள். "சார், இன்னொரு தடவை அழுத்துங்க. அழுத்தியே வெச்சிருங்க" என்றாள். ராஜமாணிக்கம் அழுத்திப் பிடித்தார்.

இம்முறை அவள் ஸ்கேனரைப் பார்க்கவில்லை, லேபிளைப் பார்த்தாள். மூட்டைகளின் இடுக்கில் இருள் அடர்ந்திருந்தது. சிவந்த ஒளி லேபிள் முழுவதும் பரவியதும், அங்கே இருந்த கோடுகள் மங்கின. மங்கி, வெற்றுத் தாளோடு தாளாகக் கரைந்தன. விசையை விட்டதும் திரும்பி வந்தன.

"இன்னொரு தடவை சார்."

மறுபடியும் கரைந்தன.

அவள் தலையை நிமிர்த்தினாள். எதிரே வள்ளி குனிந்து நின்றாள். அவள் நெற்றியில் வட்டமான குங்குமப் பொட்டு. சென்ற கார்த்திகைத் தீபத்தன்று தேரடி வீதியில் சிவப்பு விளக்குத் தோரணத்தின்கீழ் நடக்கையில், "இன்னா அண்ணி, நல்ல நாளும் அதுவுமா நெத்தி காலியா வந்துட்டீங்க" என்று இதே வள்ளியைத் தான் கேலி செய்தது திரௌபதிக்கு நினைவு வந்தது. வள்ளி பதறிப்போய் நெற்றியைத் தொட்டு, விரலைக் காட்டினாள். விரலிலும் ஒன்றும் தெரியவில்லை. தோரணத்தைக் கடந்து வெள்ளை விளக்கின்கீழ் வந்த பிறகே பொட்டு நெற்றியிலும் விரலிலும் சிவந்து எரிந்தது. இருவரும் அன்று சிரித்த சிரிப்பில் வழியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணி, அந்தப் பேப்பர் எங்க? காலையில கறுப்புல வந்துதே."

"இதா? சூம்பினதைப் போட்டு வெச்சிருக்கேன்."

திரௌபதி கூம்பை வாங்கி, காய்களைத் தரையில் கொட்டி, சுருக்கங்களை முழங்காலில் வைத்து நீவினாள். தாளை ராஜமாணிக்கத்தின் முன் பிடித்தாள்.

'பீப்'.

அவர் நம்பாதவராக மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் ஒலித்தது.

"இது இன்னா பாப்பா, கசங்கினதைப் படிக்குது, புதுசைப் படிக்கலை?" என்றான் சின்னசாமி.

"அது செவப்பு வெளிச்சத்துல பாக்குதுண்ணா. செவப்பு வெளிச்சத்துக்குச் செவப்புக் கோடு தெரியாது. வெள்ளைப் பேப்பர்னே நெனச்சுக்கும். செல்லுக்கு அந்தச் சங்கடம் இல்லை, அதான் படிச்சுது. எழுத்துரு நல்லாத்தான் இருக்குது. நெறம் மாத்தினதுதான் தப்பு."

"யாரு மாத்தினது?" என்றார் ராஜமாணிக்கம், குற்றம் சாட்டும் எண்ணமின்றி.

"நான்தான் சார்."

"நான் சொல்லித்தான் மாத்தினா" என்று ஒரு குரல் கேட்டது. ரேணுகாம்பாள் கிடங்கின் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்பது யாருக்கும் தெரியவில்லை. கசங்கிய கறுப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரௌபதி எழுந்தாள். கறுப்பில் அச்சிட்டே ஆக வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இன்னா நிக்கறே?" என்றார் ரேணுகாம்பாள். "போய் அடிச்சுக்கினு வா. கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கறுப்பு மையிலதான் அடிக்கறாங்க. நாலு மூலையிலயும் மஞ்ச வெச்சா ஆச்சு."

திரௌபதி ஓடினாள். நிறத்தைக் கறுப்பாக்குவது ஒரு சொடுக்கில் முடிந்தது. சர்வர் தயங்கவில்லை. அச்சுப்பொறி லேபிள்களைத் தள்ளத் தள்ள, சூடு ஆறுமுன்னரே அவள் அள்ளிக்கொண்டு கிடங்குக்கும் அறைக்கும் இடையே நடையாய் நடந்தாள். சின்னசாமி சிவப்பு லேபிளின்மேல் கறுப்பு லேபிளை ஒட்டி உள்ளங்கையால் தேய்த்தான். லாரி ஓட்டுநர்கூடப் பீடியை அணைத்துவிட்டு வந்து ஒட்டினார்.

ரேணுகாம்பாள் பூசை அலமாரியிலிருந்து மஞ்சள் குழைத்த கிண்ணத்தை எடுத்துவந்து வள்ளியிடம் நீட்டினார்.

"நீ வையம்மா. சுமங்கலி."

"மொத மூட்டைக்கு நீங்க வைங்கம்மா" என்றாள் வள்ளி, கிண்ணத்தை வாங்கி அவர் பக்கமே நீட்டி. "உங்க கம்பெனி. உங்க வெதை."

ரேணுகாம்பாள் கிண்ணத்தைத் திரும்பப் பெறவில்லை, கையையும் விலக்கிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு விரலை மஞ்சளில் தோய்த்து, லேபிளின் மூலைகளில் ஒவ்வொன்றாக வைத்தார். விரலில் ஒட்டியிருந்ததை அவர் துடைக்கவும் இல்லை. மற்ற மூட்டைகளுக்கு வள்ளியும் சின்னசாமியும் மஞ்சள் வைக்கத் தொடங்கினார்கள்.

"கோட்டு மேல படாம பாத்துக்குங்க" என்றார் ராஜமாணிக்கம் கவலையோடு. சொல்லி வாய் மூடுவதற்குள், அவசரத்தில் சின்னசாமியின் மஞ்சள் கை ஒரு லேபிளின் கோடுகளின்மேல் பட்டையாக இழுத்துவிட்டது. எல்லாரும் நின்றார்கள்.

"போச்சு" என்றான் அவன்.

ராஜமாணிக்கம் ஸ்கேனரை நீட்டினார். 'பீப்' என்றது.

"மஞ்ச அதுக்கு வெள்ளை மாதிரி" என்றாள் திரௌபதி. அது அவளுக்கே இப்போதுதான் தோன்றிற்று. ஆயினும் நெடுநாளாகத் தெரிந்ததைச் சொல்பவள்போல் சொன்னாள்.

"அப்டின்னா தாராளமாவே வெய்யி" என்றான் சின்னசாமி வள்ளியைப் பார்த்து.

அதன்பின் கிடங்கில் பேச்சுக்கு இடமில்லை. மூட்டை புரண்டது, ஸ்கேனர் ஒலித்தது, மூட்டை ஏறிற்று. கடைசி மூட்டை ஏறியதும் லாரி புறப்பட்டது. நிழல்கள் நீண்டு, மலையின் முகம் கிழக்குப் பக்கம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

லாரி போன பிறகும் திரௌபதியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தாள், உள்ளே வந்தாள், மீண்டும் போனாள். சாலையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் இப்போது வாகனங்களைவிடப் பெருகியிருந்தார்கள். கைபேசி ஒலித்தபோது எடுக்கும் அவசரத்தில் அது கையிலிருந்து நழுவி விழுந்தது. பொறுக்கி எடுத்தாள்.

"ஆசிரமம் தாண்டிட்டோங்க" என்றார் ராஜமாணிக்கம். பின்னால் சங்கொலியும் மக்களின் இரைச்சலும் கேட்டன. "நம்ம வண்டிக்குப் பின்னாடியே கட்டையை இழுத்துட்டாங்க. ஒரு கான்ஸ்டபிளு கையிலகூட மஞ்ச ஒட்டிக்கிச்சு. மூட்டையைத் தடவிப் பாத்துட்டு, இது இன்னா கல்யாணச் சரக்கான்னு கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஆமாங்கன்னேன்."

சின்னசாமி தாங்கள் வந்த வண்டியின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். வள்ளி ஏற்கெனவே முன்னிருக்கையில் ஏறியிருந்தாள். திரௌபதி சொன்ன செய்தியைக் கேட்டு அவன் தலையை மட்டும் அசைத்தான். பின்னர் எதையோ தேடுபவன்போல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"வீட்டுல ஒரு மூட்டை எடுத்து வெச்சிருக்கேன். இதே மல்லாட்டைதான். மழை வந்தா ஆடியில போட்டுடலாம்னு."

"செக்குக்கா?"

"செக்குக்கு விக்க எதுக்குடி கலவன் புடுங்கணும்? வெதைக்குத்தான். ஆனா இந்தத் தடவை உங்க அண்ணி தனியா நடக்கமாட்டாளாம். லீவு போட்டுட்டு நீயும் வந்து குனியணும்."

"நான் எப்போ அப்டிச் சொன்னேன்?" என்றாள் வள்ளி முன்னிருக்கையிலிருந்து. "இவரே சொல்லிட்டு என் தலையில கட்டறாரு."

"வர்றேன்" என்றாள் திரௌபதி.

"வரும்போது செவப்புப் பொடவை கட்டாதே. உன் மிஷின் கண்ணுக்குத் தெரியமாட்டே."

வண்டி அவலூர்ப்பேட்டைப் பக்கமாகத் திரும்பி மறைந்தது. திரௌபதி கதவைப் பூட்டச் சாவியை எடுத்தாள். பூட்டவில்லை. சர்வர் அறைக்குத் திரும்பிப் போய், கறுப்புத் திரையின்முன் நின்றபடியே, எழுத்துரு அடைவில் இருக்கிறதா என்று ஒரு கட்டளை தட்டிப் பார்த்தாள். இருந்தது. விளக்கை அணைத்து வெளியே வந்தவள், வாசல்வரை போனாள். பிறகு திரும்பி வந்து இன்னொரு முறை பார்த்தாள்.